விபத்தில்லாத நாள் 213

ஆஸ்டின் டவுன், பெங்களூரு

அன்புள்ள வேதவல்லிக்கு,

நீயும் அம்மாவும் நலந்தானே? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம். இடது கையால் எழுதுகிறேன், கோணலைப் பார்த்துப் பயப்படாதே.

சுரங்க மெட்ரோ ஸ்டேஷனில் பிளாட்பாரம் வரை முடித்துவிட்டோம். திங்கட்கிழமை கம்பிக்கட்டு சரிந்து என் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடுப்பா" என்றார் சூப்பர்வைசர். வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு. விபத்து நடந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். தினமும் அதில் எண்ணை மாற்றி எழுதுவது நான்தான்.

பொத்தான் இல்லாத டி-ஷர்ட் இரண்டு அனுப்பு. சட்டை மாட்டிவிட இங்கே யார் இருக்கிறார்கள்?

அவசரமாக முடிக்கிறேன், போர்டுக்குப் போக வேண்டும். காலையில் 213 எழுதினேன். "கோணலா இருக்கு, அழிச்சிட்டு ஒழுங்கா எழுது" என்கிறார் சூப்பர்வைசர்.

உன்
பாலகுமார்