சொட்டுற எடம் வேற

மச்சான்,

இன்று காலை என் மகள் சந்தனப் பவுடர் டப்பாவைக் கை தவறிக் கீழே போட்டாள். கூடமெல்லாம் வெள்ளை. வீட்டில் எல்லோரும் தும்மிக்கொண்டே விளக்குமாற்றைத் தேட, நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். சந்தன வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கோயிலோ கல்யாண வீடோ நினைவுக்கு வரும். எனக்கு உன் ஜீப்பின் அடிப்பாகம் நினைவுக்கு வருகிறது. இப்படி ஒரு கொடுப்பினை நம் நூம்பல் பக்கத்தில் வேறு யாருக்கும் இருக்காது.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. துக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் எனக்கு முதலில் வருவது கர்வம்தான். அது ஏன் என்று இன்றைக்கு உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆவடியில் ஏலத்தில் எடுத்தாய் அந்த ஜீப்பை. பகலெல்லாம் என் பக்கத்து நாற்காலியில் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒரு பச்சை இரும்புக் குவியலை நம் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினாய். தென்காசியிலிருந்து பிழைக்க வந்த எனக்கு இதெல்லாம் வேண்டாத வேலையாகத் தெரிந்தது. அம்பத்தூரில் பிறந்து வளர்ந்த உனக்கோ அது ராஜரதம். "கிறிஸ்மஸ் லீவுல புள்ளைங்கள இட்டுக்கினு ஜவ்வாது மலை ஏறுறோம் மச்சான்" என்றாய். மறுநாளே வண்டிக்குக் கீழே, பின்சக்கரத்தின் பக்கத்தில், கரியாக ஒரு குட்டை தேங்கியிருந்தது.

"இன்னாவோ ஒயுகுது மச்சான்" என்றாய். 'ழ' உனக்குக் கடைசிவரை வரவில்லை, வரவழைக்கிற எண்ணமும் உனக்கு இல்லை.

சிக்கல் குட்டையில் இல்லை, உன் மனைவி ஸ்டெல்லாவிடம் இருந்தது. அவள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இன்னா ஒயுகுதுன்னே தெரியாத வண்டில எம்புள்ளைங்க ஏறாது."

வேலப்பன்சாவடி மெக்கானிக் பின்சக்கரத்து ஆயில் சீல் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார். குட்டை அப்படியே இருந்தது. மாங்காட்டில் இன்னொருவர் இன்ஜின் ஆயில்தான் வழிந்து பின்னால் வருகிறது என்று எதையோ முடுக்கினார். குட்டை கொஞ்சம் பெரிதானது. கடைசியில் அவர், "பழைய ஜீப்புன்னா ஒயுகும் சார். ஒயுகலன்னாதான் உள்ள ஆயில் இல்லன்னு அர்த்தம். அண்ணியாண்ட சொம்மா கிரீஸுன்னு சொல்லிட்டு கெளம்பு சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

"தெரியாதத தெரியும்னு சொல்லி அவள வண்டில ஏத்த மாட்டேன்" என்றாய். கடையில் நின்ற எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னாய். என் கர்வம் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை வண்டியின் அடிப்பாகத்தை முழுக்கக் கழுவிக் காயவைத்தாய். பிறகு ஸ்டெல்லாவின் சந்தனப் பவுடரை எடுத்துவந்து, குழந்தைக்குப் பூசுவதைப்போல அந்த இரும்புக்கெல்லாம் பூசினாய். அடுத்த வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "இன்னா சார், ஜீப்புக்கு கல்யாணமா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா, பந்திக்கு வந்துடு அண்ணாத்தே" என்று கீழே படுத்தபடியே பதில் சொன்னாய்.

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வழக்கமான இடத்தில் நிறுத்தினோம். நம் கார் நிறுத்தம் பின்பக்கம் சரிவு. அதை நீயும் நானும் தினமும் மிதித்து நடந்திருக்கிறோம், ஒருநாளும் யோசித்ததில்லை. சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்தாய். வெள்ளைப் பவுடரில் ஈரமாக ஒரு கோடு. பின்சக்கரத்தில் தொடங்கவில்லை அது. வண்டியின் நடுப்பகுதியிலிருந்து இரும்புச் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து வந்து, சரிவில் இறங்கி, கடைசியில் சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டியிருந்தது. வழியில் இருந்த பழைய அழுக்கெல்லாம் கழுவிப் போயிருந்ததால் இந்த முறை சொட்டு கரியாக இல்லை. இளமஞ்சளாக, வழவழவென்று இருந்தது.

"சொட்டுற எடம் வேற, ஒயுகுற எடம் வேற மச்சான்! ஏறிக் குந்து. பிரேக்க மிதி!"

மிதித்தேன். "இன்னொரு தபா!" மறுபடி மிதித்தேன். "எறங்கி வந்து பாரு மச்சான்" என்று கீழேயிருந்து கூப்பிட்டாய்.

பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாயைச் சட்டத்தோடு பிடித்துவைத்திருக்கும் ஒரு கிளிப்புக்கு அடியில், வெளியே தெரியாமல் துரு அரித்திருந்தது. நான் மிதிக்கும்போதெல்லாம் அங்கே ஓர் ஊசித்துளை வழியாக ஆயில் கசிந்து பவுடர் நனைந்துகொண்டிருந்தது. வண்டியின் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு லேசாகக் குறைந்ததை நாம் தேய்மானம் என்று நினைத்திருந்தோம். மலை இறக்கத்தில் அழுத்தி மிதித்திருந்தால் அந்தக் குழாய் பிளந்துகொண்டிருக்கும். பின்னால் உன் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

வெளியே வந்து நீ செய்த முதல் காரியம் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டதுதான். அட்டையை விரித்து, நைட்டியோடு அவளையும் வண்டிக்கு அடியில் படுக்கவைத்து, அந்த ஈரக் கோட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை காட்டினாய். அவள் உன்னைத் திட்டவில்லை. "இத மாத்திட்டா அப்பால எதுவும் ஒயுகாதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒயுகும். பயைய வண்டி. ஆனா இன்னா ஒயுகுது, எங்கேர்ந்து ஒயுகுதுன்னு எனக்குத் தெரியும்" என்றாய். அவள் தலைமுடியில் இருந்த பவுடரைத் தட்டிக்கொண்டு எழுந்து, "டப்பா காலி. புதுசு வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

இப்போது அந்த வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பூந்தமல்லி பக்கம் மாதா கோயிலுக்குப் போகிறாள். விற்றுவிடச் சொன்ன உறவுக்காரர்களுக்கு அவள் கொடுத்த பதிலை இந்த மடலில் எழுத முடியாது.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு பிரேக் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினாய். ஆவடியிலிருந்து பூந்தமல்லிவரை அந்த ஊசித்துளையின் கதையைச் சொல்லித் தீர்த்தாய். தெரியாதவர்களை நிறுத்தியும் சொன்னாய். கிறிஸ்துமஸ் முடிந்ததும் மலை ஏறினோம். ஏறும்போது ஸ்டெல்லா ஒரு கையால் கம்பியையும் மறுகையால் சின்னவனையும் பிடித்தபடி விறைத்து உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது வளைவுக்கு வளைவு நீ மிதித்தாய், ஒவ்வொரு முறையும் பிரேக் கெட்டியாகப் பிடித்தது.

பாதி இறக்கத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் விழித்திருந்தார்கள். ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருக்க, கம்பியில் தலை சாய்த்து, நல்ல தூக்கம்.

நீயும் கண்ணாடியில் பார்த்துவிட்டாய். ஊரெல்லாம் பெருமையடித்தவன் அப்போது, "தூங்கிக்கினு கீறா பாரு மச்சான்" என்று கிசுகிசுத்தாய். உன் கண் கலங்கியிருந்தது. அதற்கப்புறம் அந்த மலை முடியும்வரை, அவள் தலை அசையாதபடி, ஒவ்வொரு வளைவையும் மெதுவாகத் திருப்பினாய்.

அந்த முகம்தான் மச்சான் என்னிடம் இருக்கிறது. பயந்த மனைவி மலை இறக்கத்தில் நம்பித் தூங்கும்படி வண்டி ஓட்டியவன் என் சிநேகிதன் என்று, கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.