உனக்குக் கொடுத்த பத்து நாள்

அன்புள்ள ஜெபா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இன்றைக்கும் உனக்கு வரும் கடிதங்கள் எனக்கு வருவதைவிட அதிகம். அதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம் குழுவின் தமிழ்ப் பக்கத்துக்கு உன்னைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டுரை என்றால் உன்னைப் புகழவேண்டும். கடிதம் என்றால் சண்டை போடலாம். ஆகவே கடிதம்.

நம் வேலையை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி இலவசமாகத் தரும் ஒரு வினியோகத்தில் நாம் இருவரும் தொண்டூழியர்கள். பைத்தான் என்ற நிரல் மொழிக்குப் புதிய பதிப்பு வந்தால், அதை நம்பியிருக்கும் மென்பொருள் பொட்டலங்களை, அதாவது பேக்கேஜ்களை எல்லாம், அடியிலிருந்து மேலாக, வரிசை பிசகாமல், மறுபடி கட்டவேண்டும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பராமரிப்பாளர். மும்பையில் வாஷி போகும் மின்வண்டியில் செம்பூரில் இறங்க வேண்டியவர்கள் குர்லாவிலேயே வாசல் பக்கம் வந்துவிட வேண்டும் அல்லவா? நடுவில் ஒருவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டால் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் கோவண்டி போய்த்தான் திரும்பவேண்டும். அந்த ஆளின் தோளைத் தட்டி "உதர்னா ஹை க்யா?", இறங்கணுமா என்று கேட்பதுதான் நம் வேலை.

நான் தட்டினால் யாரும் திரும்பமாட்டார்கள். நீ தட்டினால் வழிவிட்டு, உன் பையையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

வடக்கே பனிநாட்டுக்காரர் ஒருவர், ஆறு பேக்கேஜ் வைத்திருந்தவர், நினைவிருக்கிறதா? அவருக்கு நான் விதி எண்களோடு மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். மூன்றும் நல்ல ஆங்கிலம். பதில் இல்லை. நீ விக்ரோலித் தொழிற்சாலையில் உன் ஷிஃப்ட் முடிந்து, பஸ்ஸில் நின்றபடி, கைப்பேசியில் இரண்டு வரி எழுதினாய். தக்காளிச் செடி பிழைத்ததா, அந்த ஆறையும் பார்க்கமுடியுமா, அவ்வளவுதான். தாராவியில் நீ இறங்குவதற்குள் ஆறும் வந்துவிட்டன. செடியின் படமும் வந்தது.

"என்ன வே, மூணு கடுதாசியிலயும் ஒரு தடவயாவது எப்படி இருக்கீருன்னு கேட்டீரா?" என்றாய்.

நான் கேட்கவில்லை. அந்த விவரம் விதியில் இல்லை.

நீ போனபோது உலகத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் அஞ்சலி வந்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். "ஜெபாவுக்கு உதவியாக ஒருவர் இருந்தாரே, அவருக்கும் என் அனுதாபத்தைத் தெரிவியுங்கள்." தெரிவித்துவிட்டேன்.

இனி இந்தக் கடிதம் எழுதவேண்டி வந்த காரணம். மொழிக்குப் புதிய பதிப்பு வந்தது. ஒருங்கிணைப்பு முழுக்க என் தலையில். புதியதோடு ஒத்துப்போகாத பேக்கேஜ்களின் பட்டியலில் உன்னுடையதும் இருந்தது. தமிழ் எழுத்தைத் தேவநாகரியாக மாற்றித் திரையில் காட்டும் அந்தச் சின்னஞ்சிறு பேக்கேஜ். தாராவியில் உங்கள் சர்ச்சில் வாலிபப் பிள்ளைகள் தமிழ்ப் பாட்டை அதை வைத்துத்தான் பாடுகிறார்கள். பேசுவது தமிழ், வாசிப்பது இந்தி எழுத்து. இரண்டுக்கும் நடுவே நீ. நான் கட்டிய பெரிய பெரிய பேக்கேஜ்களுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. இதற்கு மலேசியாவிலிருந்துகூட உனக்கு வாழ்த்து அட்டை வந்தது.

திருத்தம் நாலு வரிதான். பத்து நிமிடத்தில் முடித்தேன். பிறகு செய்த காரியத்தை நிதானமாகச் சொல்கிறேன்.

அடுத்தவர் பேக்கேஜைத் திருத்தி ஏற்றினால் அது உடனே உள்ளே போகக்கூடாது. பத்து நாள் காத்திருப்பில் வைத்து, உரியவருக்குக் கடிதம் போட்டு, மறுப்பு இருந்தால் சொல்லச் சொல்லவேண்டும். இது நம் வழக்கம். இறந்தவருக்கு யாரும் இதைச் செய்வதில்லை. நான் செய்தேன். "ஜெபராஜுக்கு இந்த மரியாதையைக் கடைசியாக ஒருமுறை அளிக்க விரும்புகிறேன்" என்று குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் எழுதினேன். எல்லோரும் உருகினார்கள். ஒருவர் எனக்குக் கவிமனம் என்றார்.

வெளியீட்டுக் கதவு மூட எட்டு நாள்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும். தேதியை வைத்து, அதற்குள் சரியாகாதவை நீக்கப்படும் என்று பராமரிப்பாளர்கள் எல்லோருக்கும் கடிதம் போட்டவனே நான். பத்து நாள் காத்திருந்தால் உன் பேக்கேஜ் வெளியே நிற்கும். அடுத்த வெளியீட்டில் இருக்காது. சர்ச் கணினியைப் புதுப்பிக்கும் நாளில் பிள்ளைகள் திரையை வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உன் பெயரும் பராமரிப்பாளர் வரிசையிலிருந்து மாலை மரியாதையோடு வெளியேறும். என்மேல் யார் குறை சொல்லமுடியும்?

மறுநாள் மதியம், ஆபீஸில் இருக்கும்போது, உன் எஸ்தர் போன் செய்தாள். உன் கைப்பேசியை அவள் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"அண்ணே, அவுகளுக்கு ஒரு மெயில் வந்துச்சு. மறுப்பு இருந்தா பத்து நாளைக்குள்ள சொல்லணும்னு நீங்கதான் போட்டிருக்கிய. நான் பதில் போட்டுட்டேன். தப்பில்லல்லா?"

"என்னம்மா போட்டே?"

"பாருங்க. எனக்கு வார்டுல ரவுண்ட்ஸ் இருக்கு."

உன் முகவரியிலிருந்து, உலகம் முழுக்கப் பார்க்கும் பட்டியலில், ஆங்கிலத்தில் இப்படி இருந்தது: "நான் ஜெபராஜின் மனைவி. அவருக்கு மறுப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். திருத்தத்துக்கு மறுப்பு இல்லை. பத்து நாளுக்கு உண்டு. எட்டாம் நாள் இதை நீக்கிவிடுவதாக உங்களிடமிருந்தே இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. இரண்டையும் அனுப்பியவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது நல்லது."

இரண்டையும் அனுப்பியவன் நான்தான், ஜெபா. பேசிக்கொள்ள வைப்பதுதான் என் பதவியே.

அதன் கீழே ஒரு மணி நேரத்தில் முப்பது பதில். இப்போதும் நம் பிழையை ஜெபாதான் பிடிக்கிறார் என்று எழுதுகிறார்கள். பனிநாட்டுக்காரர்கூட எழுதினார். எனக்கு எழுதாத மனிதர்.

கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதி, அழித்துவிட்டு, சாயங்காலம் சயான் ஆஸ்பத்திரியில் அவள் டியூட்டி முடிந்து வரும் வாசலில் போய் நின்றேன்.

"எஸ்தர், அது தப்பா விழலை. தெரிஞ்சேதான் பத்து போட்டேன்."

அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "அதான பாத்தேன். எட்டாம் நாள் டிஸ்சார்ஜ் ஆவுற ஆளுக்குப் பத்தாம் நாள் ஊசின்னு எந்த டாக்டரும் தெரியாம எழுத மாட்டாரு."

"எனக்கு அவன் மேல பொறாமை. ரொம்ப வருஷமா."

"அது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்ணே."

கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அவனுக்கு என் மேல எப்பவாவது இருந்துதா?"

அவள் உண்மையிலேயே யோசித்தாள். அதுதான் மோசம். "இல்லண்ணே. எதுக்கு இருக்கணும்?" என்றாள். பிறகு, "அத விடுங்க. அந்த நாளக் கொறச்சாச்சா?"

"இல்ல. வீட்டுக்குப் போய்..."

"வீட்டுக்கு எதுக்கு? லேப்டாப் முதுகுலதான தொங்குது? இங்கனயே உக்காந்து பண்ணுங்க. நான் டீ சொல்லுதேன்."

ரோட்டோர டீக்கடையான சாயா டப்ரியின் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பைப் பூஜ்யமாக்கினேன். பட்டியலில் உண்மையையும் எழுதினேன்: எட்டு என்று தெரிந்தே பத்து வைத்தேன், காரணம் பொறாமை, மன்னிக்கவும். அதற்கு மட்டும் இதுவரை யாரும் பதில் போடவில்லை. உன் பேக்கேஜ் உள்ளே போய்விட்டது.

"இன்னொண்ணு அண்ணே. அவுக பேர எடுத்துட்டு உங்க பேரப் போட்டுருங்க. இந்த மெயிலெல்லாம் என்னால முடியல. ஒவ்வொண்ணுக்கும் போன் அடிக்கும்போது அவுகதான் எங்கயோ இருந்து கூப்பிடுதாவன்னு ஒரு நிமிசம் ஆயிருது."

இத்தனை வருடம் நான் ஆசைப்பட்ட இடம் அது. இப்படிக் கிடைக்கும் என்று எண்ணவில்லை. போட்டேன். அன்றைக்கு நாலு முறை திறந்து என் பெயரைப் பார்த்தேன், மறைப்பானேன். நாலாவது முறை அது ரொம்பச் சின்ன எழுத்தில் இருப்பதுபோல் பட்டது. உனக்கும் இதே அளவுதானா? நீ ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பாயா?

பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். தீரவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அடுத்த பதிப்பு வரும், அதற்கடுத்ததும் வரும். ஒவ்வொரு முறையும் உன் பேக்கேஜை முதல் நாளே கட்டிவிடுவேன். பிள்ளைகள் பாட்டு நடுவில் நிற்காது. நின்றால்தானே யாராவது எனக்கு எழுதுவார்கள்? யாருக்கும் எனக்கு எழுதக் காரணம் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறேன், ஜெபா.

எஸ்தர் என்னை அண்ணன் என்பதால்,
உன் மைத்துனன்,
சேகர்
செம்பூர்