எருமை படுத்தெழுந்த மடிக்கணினியைத் திருப்பித் தருமாறு ஒரு கால்நடை மருத்துவரின் வேண்டுகோள்

அனுப்புநர்:
கால்நடை மருத்துவர்,
நடமாடும் சிகிச்சைப் பிரிவு – மூன்று.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கால்நடை நலத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: என் சொந்தச் செலவில் வாங்கிய மடிக்கணினி, நீடித்துழைக்கும் திறன் சோதனைக்கென்று தலைமை அலுவலகத்தில் துணை இயக்குநர் அறையில் நிறுத்திவைக்கப்பட்டிருப்பது – அதைத் திரும்பப் பெறுதல் – தலைமை அலுவலகத்துக்குச் சினை எருமை அனுப்பும்படி வந்த கடிதத்தை ரத்து செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைத் தங்கள் மேசைக்குக் கொண்டுவரும் முன் துணை இயக்குநர் அவர்களிடம் நேரிலும், தொலைபேசியிலும், ஒருமுறை மாடிப்படியில் வழிமறித்தும் முறையிட்டுப் பார்த்துவிட்டேன். பலன் இல்லை. யாரையும் குறை கூறுவது என் நோக்கமல்ல. ஆனால் நடந்ததைச் சொன்னால் அது குறை போலத்தான் தெரிகிறது. பொறுத்தருள வேண்டும்.

1. ஓட்டுநரும் நானுமாக ஒரு வண்டியில் ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்கு மருத்துவம் பார்க்கிறோம். எந்த மாட்டுக்கு எந்த ஊசி போட்டோம், அடுத்தது எப்போது என்பதைத் தொழுவத்திலேயே கணினியில் பதிவு செய்ய வேண்டும் என்பது துறையின் ஆணை. நல்ல ஆணைதான். அதற்கென்று துறை வழங்கிய மடிக்கணினி மெல்லியது, வெள்ளி நிறம், பார்க்க அழகு. ஒரு நாள் கன்றுக்குட்டி ஒன்று அதன் விசைப்பலகையை ஆசையாக நக்கியது. அத்தோடு அது கண்ணை மூடிவிட்டது. பழுதுபார்க்கும் நிலையத்தார், "நக்குனதுக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க" என்று கூறித் திருப்பி அனுப்பினார்கள். மாற்றுக் கணினி கேட்டு நான் அனுப்பிய விண்ணப்பம் இன்றுவரை பரிசீலனையில் உள்ளது.

2. அப்போதுதான் கோமாரி நோய் பரவத் தொடங்கியிருந்தது. பதிவு இல்லாமல் தடுப்பூசி வேலை ஓடாது என்பதால் சொந்தமாக ஒன்று வாங்கத் துணிந்தேன். வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனால் திரும்பித் திரும்பிப் பார்க்கவைக்கும் அளவுக்கு விலையுயர்ந்ததும் வேண்டாம், ஒரு மழைக்காலத்தில் உதிர்ந்துபோகும் மலிவும் வேண்டாம், நடுத்தரமாக ஒன்று போதும் என்பது என் எண்ணம். வீட்டில் இதற்கு ஆதரவு இல்லை. என் கணவர் மருந்துக்கடை நடத்துபவர். பற்பசை வாங்கினாலும் டப்பாவின் பின்பக்கத்தை முழுதாகப் படிப்பவர். "காசு அதிகமா இருந்தாதான் உழைக்கும்" என்பது அவர் கட்சி. என் கொழுந்தனோ, "அண்ணி, கீபோர்டுல கலர் கலரா லைட் எரியணும். இல்லன்னா அது லேப்டாப்பே இல்ல" என்று சாதித்தார். இருட்டுத் தொழுவத்தில் கலர் கலராக எரியும் ஒரு பொருளைக் கண்டால் மாடு முதலில் யாரை உதைக்கும் என்று நான் கேட்டேன். அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார்.

3. கடைக்கு மூவரும் சென்றோம். நான் ஒவ்வொரு கணினியின் மூடியையும் ஒரே கையால் திறந்து பார்த்தேன். விற்பனைப் பெண் பொறுமையாக, "மேடம், ஸ்பீடு பாருங்க, மெமரி பாருங்க. மூடியையே ஆட்டிட்டிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டார். வேலை நேரத்தில் என் மற்றொரு கை பெரும்பாலும் பசுவின் உள்ளே இருக்கும் என்று விளக்கினேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார். கை குலுக்க நீட்டியிருந்த தம் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, உடல் முறுகுகிறதா என்று பார்த்தேன். வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்க்க வாசலைத் தாண்டிச் சாலைக்கே எடுத்துச் சென்றேன். காவலாளி பின்னாலேயே ஓடி வந்தார். அவரையே திரையில் உள்ளதைப் படிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்காமல் படித்தார். மின்கலம் ஒரு பகல் முழுக்கத் தாங்குமா, வண்டியிலேயே சார்ஜ் ஏற்றலாமா, விசைப்பலகையில் தண்ணீர் சிந்தினால் வடிந்துபோக வழி உண்டா, கெட்டுப்போனால் பக்கத்து ஊரில் உதிரிப் பாகம் கிடைக்குமா என்றெல்லாம் கேட்டுக் கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்பு, தடிமன், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. என் கணவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இது லேப்டாப்பா, இஸ்திரிப் பெட்டியா?" என்றார். கொழுந்தன் வீடு வரும்வரை கைபேசியில் கலர் லைட் மாடல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

4. அந்த இஸ்திரிப் பெட்டி மழை, புழுதி, குண்டுங்குழியுமான சாலை எல்லாவற்றையும் தாங்கியது. பிறகு எருமை நிகழ்வு நடந்தது. வதந்திகள் பல உலவுவதால் உண்மையைப் பதிவு செய்கிறேன். பிரசவத்தில் கன்றின் தலை திரும்பிக்கொண்டு ஒரு சினை எருமை தவித்தது. பையோடு கணினியை வைக்கோல்மேல் வைத்துவிட்டு நான் கன்றைத் திருப்பிக்கொண்டிருந்தேன். எருமையால் நிற்க முடியவில்லை. சரிந்து, நேராக அந்தப் பைமேல் படுத்தது. ஓட்டுநர், "டாக்டரம்மா, பெட்டி! பெட்டி!" என்று கத்தினார். என் கையோ தோள்வரை எருமையின் உள்ளே. கன்றா கணினியா என்று யோசிக்கவும் நேரமில்லை. கன்று பிழைத்து மூச்சு விடும்வரை எருமை எழவில்லை.

எழுந்தபின் ஓட்டுநர் பையை உருவி, அழாத குறையாகத் திறந்தார். திரை எரிந்தது. 'ம' என்ற விசை மட்டும் பெயர்ந்திருந்தது. அந்தக் குழியில் பேனா முனையால் குத்தினால் 'ம' விழுகிறது. மூடி திறக்கும்போது முனகுகிறது. பதிவுகள் ஒன்றுகூட அழியவில்லை. வைக்கோல் மெத்தை போல இருந்ததும் உதவியிருக்கலாம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

5. ஓட்டுநர் இச்செய்தியை வழியில் இருந்த எல்லாத் தேநீர்க் கடைகளிலும் சொன்னார். அது துணை இயக்குநர் அவர்களின் காதுக்கு எட்டியது. எல்லா நடமாடும் பிரிவுகளுக்கும் இதே வகையை வாங்கலாமா என்று ஆராய, அவர் தலைமையில் கணக்கரும் பண்டகக் காப்பாளரும் அடங்கிய குழு அமைந்தது. எனக்குப் பெருமையாகவே இருந்தது. பதிவுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு தருகிறேன் என்றேன். "எங்க போயிடப் போகுது டாக்டர்? நம்ம ஆபீஸ்தானே. ஒரே வாரம்" என்று அன்போடு கை நீட்டினார். கொடுத்துவிட்டேன். துறையின் இணையதளத்தில் ஏற்றி வைத்திருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அந்த இணையதளம் திறக்கும் நாளுக்காகத்தான் நானும் காத்திருந்தேன்.

6. குழு தன் கடமையைச் செய்தது. மேசையிலிருந்து தள்ளிப் பார்த்தது, ஓடியது. தேநீரை ஊற்றியது, வடிந்தது. பிறகு கணக்கர் அதன்மேல் அமர்ந்து ஒரு முற்பகல் முழுதும் கோப்புகளைப் பார்த்தார், அதையும் தாங்கியது. "கணக்கர் ஒருவரின் எடை எருமை ஒன்றின் எடைக்கு நிகராகாது, ஆகவே இச்சோதனை செல்லாது" என்று குழு அறிக்கையில் எழுதியது. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவர் இன்றுவரை குழப்பத்தில் இருக்கிறார். அன்றே கணினியை உறையிலிட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். பதிவுகளை மட்டுமாவது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். சோதனைப் பொருளைத் திறக்க விதியில்லையாம்.

அடுத்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முன்னர் படுத்த எருமையையோ அதே எடையுள்ள வேறொரு சினை எருமையையோ, உடற்தகுதிச் சான்றுடன், அலுவலக நாளொன்றில், மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவர் என்ற முறையில் என் கருத்து: எருமை ஆணைக்குப் படுக்காது. கூட்ட அறையில் அது எங்கே படுக்கும் என்பதற்கு நான் சான்று தர இயலாது. அங்கேயே ஈன்றுவிட்டால் கன்றை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று பண்டகக் காப்பாளரும் கவலையோடு கேட்டார். எருமையின் சொந்தக்காரரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "லிஃப்ட்டுல என்னையே ஏத்த முடியாது, எம் மாட்டையா ஏத்துவீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் எனக்கு அன்று பால்கூடத் தரவில்லை.

7. ஐயா, இதுவரை எழுதியதைப் படித்துத் தாங்கள் சிரித்திருக்கக்கூடும். நானும் சிரித்தேன். ஆனால் இரண்டாம் தவணை ஊசி யார் யாருக்கு என்பது அந்த உறைக்குள் இருக்கிறது. ஊசி போட்ட மறுநாள் பால் குறையும் என்பதால், எந்த வீட்டில் கேட்டாலும், "எங்களுக்குப் போட்டாச்சே டாக்டரம்மா!" என்கிறார்கள். நினைவை மட்டும் நம்பினால் சில மாடுகளுக்கு இருமுறை போடுவேன். மருந்தோ அளந்துதான் வருகிறது. அங்கே ஓர் ஊசி கூடினால் இங்கே ஒரு மாட்டுக்கு இல்லாமல் போகும். போன வாரம் ஒருவர், தம் ஒரே பசுவைச் சாலையோரம் கட்டிவைத்துக்கொண்டு எங்கள் வண்டியை மறித்தார். அவருடைய பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கோமாரி கண்டு வாயெல்லாம் புண். "எந்தத் தேதின்னு உங்க பெட்டி சொல்லும்னீங்களே, பெட்டி எப்பம்மா வரும்?" என்று கேட்டார். அந்தப் பசுவுக்கு அங்கேயே ஊசி போட்டுவிட்டேன். அவர் கேட்ட கேள்வியைத்தான் தங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

8. நேற்று கடையின் விற்பனைப் பெண் தொலைபேசியில் அழைத்து எனக்கு நன்றி தெரிவித்தார். எதற்கு என்று கேட்டேன். "உங்க சார் ஒருத்தர் வந்தார் மேடம். மாட்டு டாக்டரம்மா வாங்கின, எருமை படுத்த மாடல் இருக்கான்னு கேட்டார். அவர் பொண்ணுக்கு ஊர் ஊரா சுத்துற வேலையாம். வேற எதையும் பாக்கவே இல்ல, அதையே வாங்கிட்டுப் போயிட்டார்" என்றார். வந்தவர் துணை இயக்குநர் அவர்கள்தான் என்பதை அடையாளங்களைக் கொண்டு உறுதி செய்துகொண்டேன். அவருடைய மகளுக்கு என் வாழ்த்துகள்; கிடைத்திருப்பது நல்ல கணினி. குழுத் தலைவரே தம் கைக்காசைப் போட்டு மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்ட பிறகு, அந்தச் சோதனையில் கண்டறிய இனி என்ன மீதம் இருக்கிறது என்று என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் சோதனை நிறைவடைந்துவிட்டதாக அறிவித்து, எருமைக் கடிதத்தை ரத்து செய்து, உறையை உடைத்து என் கணினியை உள்ளது உள்ளபடியே தர ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். துடைத்துத் தரவும் வேண்டாம். யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நாங்கள் காத்திருக்கப்போவதில்லை. இந்த மனுவைக் கொடுத்துவிட்டு, தங்கள் அலுவலக வாசலிலேயே வண்டியை நிறுத்தியிருக்கிறோம். தடுப்பூசிப் பெட்டியில் பனிக்கட்டி மாலைவரைதான் தாங்கும்.

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்கு வாசலில் காத்திருக்கும்,

(ஒப்பம்)
கால்நடை மருத்துவர்,
நடமாடும் சிகிச்சைப் பிரிவு – மூன்று.

நாள்: வியாழக்கிழமை, முற்பகல்.
இடம்: சிகிச்சை வண்டியின் முன் இருக்கை.