குட்டி இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறது

அன்பு மக்கா ஜெபா,

மேலநீலிதநல்லூர் பள்ளிக்கூடத்தில் நீ பயிற்சிக்குப் போன அதே மூன்றாம் வகுப்பை இப்போது எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். இன்று காலையிலும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறியதும், நீ இடம் பிடித்து வைத்திருப்பாய் என்று ஜன்னல் பக்கம் பார்த்துத் தொலைத்தேன். கோபமாக வருகிறது, ஏட்டி. சாகிற வயசா உனக்கு?

டீச்சர் டிரெயினிங் முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? "நீங்க படிச்ச சிறுவர் கதைப் புத்தகம் ஒண்ணு சொல்லுங்க" என்று மேடம் கேட்டார். நாளைக்கு டீச்சராகப் போகிற நமக்குப் பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அப்புறம் படிக்க வந்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று சாயங்காலமே நீ வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துவிட்டாய். சிவகிரி, திருவேங்கடம் பக்கத்துப் பயிற்சிப் பிள்ளைகளையும் இழுத்துப் போட்டாய்.

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒருத்தி புத்தகத்தைப் படிக்காமலே கதைச்சுருக்கம் எழுதிப் போட, எல்லாரும் அதை ரெக்கார்டு நோட்டில் காப்பியடித்தோம். அத்தனை நோட்டிலும் சிங்கம் செத்துப் போயிருந்தது. புத்தகத்திலோ அது கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது! மேடம் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. நீ வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஒரு சட்டம் போட்டாய்.

"இனிமே குழுவுல யாரும் முடிவச் சொல்லப்படாது. பாதிவரைக்கும் வாய்ஸ்ல வாசிங்க. புத்தகம் பேரையும் சொல்லாதிய. முடிவு வேணும்னா தேடிப் படிங்க மக்கா."

உன் கடைசி வாய்ஸ் மெசேஜில், ஓர் ஆட்டுக்குட்டி தாயைத் தேடி டவுன் பஸ்ஸில் ஏறுகிறது. இருமலுக்கு நடுவே கண்டக்டர் குரலில் அதட்டி டிக்கெட் கேட்கிறாய். "அடுத்த ஸ்டாப்புல யாரு நின்னா தெரியுமா? கண்டுபிடிங்க, பாப்போம்." அவ்வளவுதான். வெறும் காய்ச்சல் என்றுதானே ஆஸ்பத்திரிக்குப் போனாய்?

உன் வீட்டில் அந்தப் புத்தகம் இல்லை. போனில்தான் வாசித்திருப்பாய். போனின் லாக் யாருக்கும் தெரியவில்லை. உன் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, "என்னைக்காவது தொறக்கும்லா முப்பிடாதி?" என்று என்னிடம் கேட்கிறார்கள்.

குழு இப்போது அந்தக் குட்டியைத்தான் தேடுகிறது. இணையத்தில், நூலகத்தில், தெரிந்தவர்கள் வீட்டில். தேடப் போய் யானைக் கதை, நண்டுக் கதை, மழைக்குப் பயந்த தவளை என்று என்னென்னவோ படித்துவிட்டு, "இது இல்ல, ஆனா நல்லா இருக்கு" என்று பாதிவரை வாசித்துப் போடுகிறார்கள். நீ உயிரோடு இருந்து கெஞ்சியபோது 'பிஸி' என்றவர்கள்தான். இந்தப் புத்தியை அப்போதே காட்டியிருந்தால் என்னவாம்?

வகுப்பிலும் அதே பாதிக் கதையைச் சொல்லி நிறுத்தியிருக்கிறாய். ஜெபா டீச்சர் எப்போ வருவாவ என்று பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். "ஊருக்குப் போயிருக்காவ" என்று சமாளித்து வந்தேன். இன்று முடியவில்லை. "ஜெபா டீச்சர் செத்துப் போயிட்டாவ மக்கா" என்று சொல்லிவிட்டேன்.

யாரும் அழவில்லை. முன்வரிசையில் இருந்த மாரியம்மாள் கேட்டாள்.

"அப்போ அந்தக் குட்டிய யாரு டீச்சர் எறக்கி விடுவா?"

கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னால் தாங்க முடியவில்லை, ஜெபா.

அடுத்த ஸ்டாப்பில் அதன் அம்மா நின்றாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் கை தட்டியிருப்பார்கள். ஆனால் படிக்காமல் சொன்ன முடிவால் ஏற்கெனவே ஒரு சிங்கத்தைக் கொன்றவர்கள் நாம். உன் கதையில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. "எனக்குத் தெரியாது, தேடிட்டு இருக்கேன்" என்றேன். "நாங்களும் தேடுதோம் டீச்சர்" என்றாள் மாரியம்மாள்.

தேடுவேன். கிடைக்கிற நாளில் குழுவில் மூச்சுக்கூட விட மாட்டேன், உன் சட்டம் அப்படியே இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு மட்டும், உன்னைப் போலவே அதட்டிக்கொண்டு, கடைசிப் பக்கம்வரை வாசிப்பேன். அப்புறம் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் வாசிப்பேன். அதுவரை அந்தக் குட்டியைத் தனியாக விடமாட்டேன், ஏட்டி.

உன் பக்கத்து சீட்டில் இன்னும் உட்கார்ந்திருக்கும்
முப்பிடாதி அக்கா