மழைக்காரரின் ரெக்கார்டு

ஜூலை 17, 1994. ஞாயிறு. ஆடி ஒன்று.

விடிந்ததிலிருந்து காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடத்து மண்ணையெல்லாம் வீட்டுக்குள் கொட்டிவிட்டுப் போகிறது. கொடியில் போட்ட வேட்டி முருங்கை மேல். தறிக்குடோன் லீவு. எண்ணெய்க் குளியல், கொள்ளு ரசம், அப்புறம் மழைக்காரர்.

அந்த ரெக்கார்டு வருடத்துக்கு ஒரு தடவைதான். ஆடி முதல் தேதி, இரண்டு பக்கமும், ஒரே முறை. இன்னொரு பிரதி இந்த ஜென்மத்தில் கிடைக்காது, ஊசி பட்டுத் தேயக் கூடாது என்று நானும் காதர் பாயும் (கா.பா.) போட்டுக்கொண்ட சட்டம். பாய்க்கு உக்கடத்தில் பழைய சாமான் கடை. குன்னூர் எஸ்டேட் பங்களா ஏலத்தில் அவர் எடுத்த ஒரு பீரோவுக்குள்தான் முதல் பெட்டி ரெக்கார்டு வந்தது. பிறகு அங்கிருந்து வந்த பெட்டிகளையும் சேர்த்து ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். எனக்கு மீசை கறுப்பாக இருந்த காலம். உறைகளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. ஜாஸ் என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது. வாசிப்பவர்கள் பெயர் தெரியாமல் நாங்களே பெயர் வைத்தோம். அந்தப் பெயர்தான் இன்று வரை.

ஆனி பிறந்ததும் கா.பா. கேட்டார். "ஒரு தடவ தனியா ஒக்காந்து கேக்கோணுங்ணா." முதல் முறையாக அதை வீட்டை விட்டு வெளியே அனுப்பினேன். நேற்று, நூல் கொண்டுவரும் டெம்போ டிரைவர் பழனியிடம் திருப்பிக் கொடுத்து விட்டிருந்தார்.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. முதலில் டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும். பித்தளைத் தட்டில் மெல்லிய குச்சி. ஓட்டு மேல் தூறல் விழுகிற மாதிரி, வெகு நேரம் அது ஒன்றுதான். அவர்தான் மழைக்காரர். பிறகு பியானோவில் ஒரே ஒரு கட்டை. அந்த இடத்துக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பேன். இன்று ஊசியை வைத்தேன். ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் ஒயர் கழன்றுவிட்டதா என்று பார்க்க எழுந்தேன். பாதி வழியில் பியானோ வந்துவிட்டது.

சட்டத்தை மீறி மறுபடியும் போட்டேன். மறுபடியும். மழை இல்லை.

ஊசி மொண்ணையாகியிருக்கும்.

ஜூலை 18, திங்கள்.

காற்று அதே. ஏழாம் நம்பர் தறியில் ஊடு நூலை இழுத்து ஓடும் நாடா உடைந்தது. ஃபிட்டர் வரவில்லை, மச்சினன் கல்யாணமாம். ஆடியில் என்ன கல்யாணம்.

குடோனுக்குள் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. நூல் தீர்ந்தால் இரண்டு விரல். டீ என்றால் கட்டை விரல். தறி ஓடுகிறது என்பதற்குக் கையைத் தூக்கிப் பிடிப்பது, நின்றால் இறக்குவது. வீட்டிலும் சில சமயம் கையாலேயே கேட்டுவிடுகிறேன், மனைவி சரஸாவுக்குக் கோபம் வருகிறது.

எனக்கு ஜாஸ் பிடித்ததற்குக் காரணமே தறிதான். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் ஒன்றோடொன்று சேராமல் ஓடும், திடீரென்று நாலைந்து ஒரே அடியில் விழும், மறுபடி பிரியும். அந்த ரெக்கார்டுகளை முதலில் கேட்டபோது இது நம்ம குடோன்தானே என்று நினைத்தேன். கர்நாடகக் கச்சேரிக்குப் போய் உட்காரும் சொந்தக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். இருக்கட்டும்.

சாயங்காலம் மற்றதையெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

சளிக்காரர்: தொண்டையில்தான் கோழை, மனசில் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே பாடுவார், கேட்பவனுக்கு அழுகை வரும். நன்றாகக் கேட்கிறது.

கோபக்காரர், டிரம்பெட்: கொஞ்சமாக ஊதுவார். ஊதாத இடத்திலும் அவர்தான் இருப்பார். கா.பா. ஒப்புக்கொள்ள மாட்டார். "காசு வாங்கீட்டு இவ்ளோ கம்மியா ஊதுனா எப்படீங்ணா?"

சாக்ஸபோன் ஓட்டக்காரர்: வேகம், வேகம். வேகத்துக்கு என்னிடமே குடோன் நிறையத் தறி இருக்கிறது.

பெரிய பேண்டு கோஷ்டி: கல்யாண வீடு. ஒரு பக்கம் போதும்.

பொறுமைசாலி, பியானோ: எனக்கு இவர்தான் முதல். தப்புக் கட்டையைத் தட்டிவிட்டு, அதையே திரும்பத் திரும்பத் தட்டிச் சரியாக்கிவிடுவார். நமக்கு அந்த வித்தை வராது.

எல்லாரும் இருக்கிறார்கள். மழைக்காரர் மட்டும் இல்லை. அப்படியென்றால் கோளாறு ஊசியில் இல்லை, ரெக்கார்டில். பாயிடம் போய் வந்த ரெக்கார்டில்.

ஜூலை 20, புதன்.

கோயமுத்தூர். பாவு நூல் விஷயம் அரை மணியில் முடிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் புது ஊசி. பிறகு உக்கடம்.

கா.பா. எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மெலிந்துவிட்டார். தாடி வெளுத்திருக்கிறது.

"ஏனுங்ணா, வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல ஒக்காருங்க."

"ரெக்கார்டு பிளேட்ட என்ன பண்ணுனீங்க பாய்?"

"என்னங்ணா பண்ணுனேன்? ஒறைய விட்டே எடுக்கலீங்க. கொண்டாந்த மறுநாளே அண்ணன் மவுத்து. நீங்களே வந்தீங்களே. நாப்பது நாள் முடியாம மவுத்து ஊட்டுல பாட்டு எப்படீங்க போடுவேன்?"

தெரியும். அவர் அண்ணன் இறந்தபோது ஜனாஸா அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன், பள்ளிவாசல் வாசலில் செருப்போடு நின்றேன். தெரிந்தும் வாயில் வந்தது இது: "மொண்ண ஊசில போட்டுத் தேச்சுப்போட்டு, மவுத்த எதுக்குங்க இழுக்கறீங்க?"

கடைக்கு வந்திருந்த ஒரு ஆள் கட்டில் விலை கேட்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கா.பா. நாற்காலி துடைத்த துணியை மடித்து வைத்தார். "நாப்பது முடியட்டுங்ணா. எங்க ஊட்டுக்கு எடுத்தாங்க. ரெண்டு பேரும் ஒக்காந்து கேப்போம்" என்றார்.

"இனி கேக்கறதுக்கு அதுல என்ன இருக்குதுங்க?"

டீ வந்தது. குடிக்காமல் பஸ் ஏறினேன். வீட்டில் புது ஊசி மாற்றியாச்சு. மழை இல்லை.

ஜூலை 24, ஞாயிறு.

மின்சாரம் பத்து மணிக்குப் போய் மதியம் வந்தது. அரிசிம்பருப்புச் சோறு. சரஸா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் மறுபடி அதே பக்கம், அதே பாட்டு. என்னதான் ஆயிற்று என்று பார்க்கலாமே என்று.

"ஏனுங்க, அந்தக் கருமத்த நிறுத்துங்க. மண்டைக்குள்ள மணல் சலிக்கற மாதிரி சொய் சொய்யுன்னு. தல நோவுது."

"எங்கம்மணி சத்தம்? பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே."

"இதா, சலிச்சுட்டே இருக்குதே. இப்பத்தான் டொய்ங்குன்னு ஒண்ணு."

அந்த டொய்ங் பியானோ.

ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தேன். சத்தம் இருக்கிற வரைக்கும் கையைத் தூக்கிப் பிடி என்றேன். விளையாடறீங்களா என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரைக்காயோடு கையைத் தூக்கினாள். தூக்கியபடியே இருந்தாள். எனக்கு ஃபேன் சுற்றுகிற காற்று மட்டும். பியானோ விழுகிற வரை அவள் கை இறங்கவில்லை.

மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. சரஸாவுக்கு. இந்தப் பாட்டையே வெறுக்கிறவளுக்கு.

அவள்தான் பிறகு சொன்னாள். "மூணு வருசமா நாங் கூப்புட்டா திரும்பறதில்லீங்க. வேணும்னே பண்றீங்கன்னு நெனச்சுட்டிருந்தேன்."

ஜூலை 27, புதன்.

ஆர்.எஸ்.புரத்தில் காது டாக்டர். வெளியே பட்டுக்கடைக்கு வந்த கூட்டம், ஆடித் தள்ளுபடி. உள்ளே நான்.

கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு அறை. காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கீழ்ச் சத்தம், நடுச் சத்தம், அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மிஷின் கெட்டுவிட்டது போல என்று காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் மிஷின் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தது.

"தறி எத்தன வருசமா ஓட்டறீங்க?"

"முப்பதுக்கு மேல ஆகுதுங்க."

"காதுல பஞ்சு வெப்பீங்களா?"

"வெச்சா தறியோட சத்தம் மாறுனா தெரியாதுங்களே."

அவர் சிரிக்கவில்லை. மேல் சத்தமெல்லாம் போய்விட்டதாம். சன்னமான சத்தம், மெட்டல் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் போனதால் தெரியவில்லையாம். திரும்ப வருமா என்று கேட்டேன். "இருக்கறதக் காப்பாத்திக்கலாங்க" என்றார்.

மற்ற ரெக்கார்டுகளில் எப்படித் தெரியாமல் போயிற்று என்று பஸ்ஸில் யோசித்தேன். அவற்றை வாரா வாரம் போடுகிறேன். கேட்காததை மனசு தானே நிரப்பிக்கொண்டது போல. வருடத்துக்கு ஒரு முறை போடும் ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. அது புரியாமல் நான் பாயைத் திட்டினேன்.

பயமாக இருக்கிறது. இனி ஒவ்வொருவராகப் போவார்கள். பொறுமைசாலியும் ஒரு நாள்.

ஜூலை 29, வெள்ளி.

உக்கடம் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். குளத்துப் பக்கமிருந்து காற்று, கூடவே நாற்றம். கடைக்கு எதிர்ச்சாரியில் நின்றேன். ஜும்மா தொழுகை முடிந்து தொப்பியோடு வந்தார், பூட்டைத் திறந்தார், ஒரு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ரோட்டைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி. அடுத்த பல்லடம் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

காது செவிடானதைச் சொல்ல வெட்கம் இல்லை. மவுத்தைப் பற்றிச் சொன்னதைத்தான் எங்கே கொண்டு போய் வைப்பது.

நூல் விலை ஏறுகிறதாம். ஏறட்டும்.

ஜூலை 31, ஞாயிறு.

காற்று இல்லை. புழுக்கம். மழை வரும் என்கிறாள் சரஸா.

ஞாயிற்றுக்கிழமை நூல் வராதே என்று பார்த்தால் வாசலில் பழனியின் டெம்போ. பின்னால் தேயிலைப் பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டி, மேலே சாக்கு விரித்து. நான்கு பெட்டி. பார்த்ததுமே தெரிந்தது. குன்னூர் பெட்டிகள். கா.பா.வின் பங்கு, சளிக்காரரிலிருந்து கல்யாண வீட்டுக் கோஷ்டி வரை என்னிடம் இல்லாத மற்ற ரெக்கார்டுகள் அத்தனையும்.

"பாய் குடுத்து உட்டாருங்க," என்றார் பழனி. நான் காதில் வாங்கவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் கிட்டே வந்து சொன்னார். "நாப்பது முடிஞ்சுதுங்களாம். உங்க பிளேட்டு அவரு கையில கெட்டுப்போச்சாம். அதுக்கு ஈடா இதையெல்லாம் நீங்களே வெச்சுக்கோணும்னு சொன்னாருங்க. அவரூட்டு மிசினக்கூட வித்துப்போட்டாருங்க. இனி பாட்டுக் கேக்கறதில்லையாமா."

காது இருக்கிறவரிடம் ஒன்றும் இல்லை. எல்லாம் என்னிடம்.

"எங்கீங்க எறக்கறது?"

இறக்க வேண்டாம் என்றேன். பழனிக்குப் புரியவில்லை. கையை இறக்கிக் காட்டினேன், குடோனில் தறி நின்றால் காட்டுகிற மாதிரி. அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். அவர் வந்ததும் நானும் முன்னால் ஏறிக்கொள்கிறேன். என் பிளேயரையும் ஏற்ற வேண்டும், பாய் வீட்டில் இப்போது அது கிடையாதே. என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. முதலில் ரெக்கார்டைப் போட்டுவிட்டு, சத்தம் இருக்கிற வரைக்கும் கையைத் தூக்கிப் பிடிங்க பாய் என்று கேட்க வேண்டும்.

சரஸா குடை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள். மழைக்காரரை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், சூலூர் தாண்டி ரோடு மோசம். பழனி வந்துவிட்டார் என்று கையைக் காட்டுகிறாள்.