தட்டில் விழும் பெல்ட்

என் அண்ணனுக்கு,

“அடுத்த வாரம் அப்பா உங்க ஏர்போர்ட்லதான் விமானம் ஏறுறார். வயசாயிடுச்சு, செக்கிங்ல பெல்ட்டைக் கழட்டச் சொல்லாம விட்டுடு. பழசையெல்லாம் மறந்துடு” என்று எழுதியிருக்கிறாய்.

நான் மறந்தாலும் என் வயிறு மறக்க மாட்டேன் என்கிறது. பயணிகளைச் சோதிக்கும் என் வேலையில் நாளெல்லாம் தட்டில் பெல்ட்டுகள் விழுகின்றன. ஒவ்வொரு பக்கிள் சத்தத்துக்கும் அடிவயிறு சுருண்டுகொள்கிறது. ஸ்கேன் பார்த்த டாக்டர், “உள்ள ஒண்ணுமே இல்லையேம்மா” என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நீ மட்டும் மறந்துவிட்டாயாக்கும். பேன்ட் நழுவி நழுவி விழுந்தாலும் இன்றுவரை நீ பெல்ட் போட்டதில்லை. அண்ணியிடம் “இடுப்புல உறுத்துது” என்று கதை விட்டிருக்கிறாய்.

வேலையை விட்டுவிடு என்கிறாள் என் தோழி. ஏன் விட வேண்டும்? ஓடி ஒளிந்ததெல்லாம் அந்தக் கட்டிலுக்கடியோடு முடிந்தது.

அவரை என் வரிசைக்கே வரச் சொல். எல்லாரையும் போல அவரும் என் முன்னால் நின்று பெல்ட்டைக் கழற்றட்டும். வயிறு சுருளத்தான் செய்யும், சுருளட்டும். நான் தட்டை நீட்டுவேன். இந்த முறை பெல்ட்டை அவர் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

இப்படிக்கு,
கட்டிலுக்கடியில் நீ அழுதபோது உன் வாயைப் பொத்திய தங்கை