கருப்பட்டி போட்ட யானைமலை

வைகாசி 3, ஞாயிறு

காலையிலேயே அனல். வண்டியூர்க் கண்மாய்க் கரை, எதிரே படுத்த யானை மாதிரி யானைமலை. பலகை, தாள், பன்னிரண்டு வர்ணப் பெட்டி, அணில் மயிர் பிரஷ், சொம்புத் தண்ணீர். குடை வீட்டில். மடையன்.

தாளை நனைத்து ஓரத்தில் மைதாப் பசை தடவிப் பலகையில் ஒட்டியாயிற்று. காய்ந்ததும் மத்தளத் தோல் மாதிரி நின்றது. அதோடு சரி. வானத்துக்கு நீலத்தைக் கரைத்து, ஈரம் விட்டுப்போகாமல் மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். பாதி வானம் வருவதற்குள் மேல் பாதி காய்ந்து கோடு கோடாக, ஜமுக்காளம்.

பிரஷ் நுனி பிரிந்தது. வாயில் வைத்துக் கூராக்கினேன். வாயில் வெற்றிலை. மலை சிவப்பு. தூ.

5, செவ்வாய்

ராவுத்தர் கடை. சாமி படம், கல்யாணப் போட்டோ எல்லாவற்றுக்கும் சட்டம் போடுகிறவர். முப்பது வருஷப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, எருமை படுத்திருக்கு?"

"நேராப் பிடிங்க ராவுத்தரே."

"நேராப் பிடிச்சாலும் எருமைதான்."

"இந்தக் கல்யாணப் போட்டோவையே பாத்துப் பாத்து உங்க கண்ணு அப்படி ஆயிருச்சு."

பேச்சு பந்தயத்தில் போய் நின்றது. சனிக்கிழமை புதுப் படம் கடை வாசலில் வைக்க வேண்டும். என்ன படம் என்று சொல்லாமல் மூன்று பேரிடம் கேட்பது. ஒருத்தராவது யானைமலை என்றால் தேக்குச் சட்டம் போட்டுக் கடை நடுவில் மாட்டுவார். இல்லையென்றால் என் மீசை. இருபது வயதில் வைத்தது. வெளுத்தாலும் முறுக்குக் குறையவில்லை.

கையில் இருப்பது ஒரே தாள். உலகச் சண்டை வந்ததிலிருந்து சீமைத் தாள் வருவதில்லை.

6, புதன்

தெருக்கோடி டிராயிங் மாஸ்டர் வழியில் பிடித்துக்கொண்டார். "தூரத்துல இருக்கறத வெளிறலாப் போடுங்கய்யா, கிட்ட இருக்கறத அழுத்தமா. இந்த வெயிலுக்குச் சாயத்துல ஒரு சொட்டுத் தேன் விடுங்க, சீக்கிரம் காயாது."

வீட்டில் தேன் இல்லை. கருப்பட்டி இருந்தது. எல்லாம் இனிப்புத்தானே. டப்பாவில் இருந்த அம்புட்டையும் பாகாக்கி வைத்தேன். வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

7, வியாழன்

படம் வந்துவிட்டது. வானம் ஒரே இழுப்பு. கொஞ்சம் காப்பி நிறம். புழுதிக் காலம் என்று சொல்லிக்கொள்ளலாம். மலை மங்கல், கரைப் பனை அழுத்தம். தலையிலிருந்து தும்பிக்கைக்கு இறங்குகிற வளைவு மட்டும் சண்டித்தனம். நாலு தடவை அழித்தேன். ஐந்தாவது பரவாயில்லை.

மீசையை முறுக்கிக்கொண்டே நடந்து வந்தேன்.

வீட்டில் கருப்பட்டி எங்கே என்றாள். எலி என்றேன்.

"எலி தின்னுட்டு டப்பாவ மூடி வச்சுட்டுப் போகுமா?"

8, வெள்ளி

விடிந்து பார்த்தால் வானம் நகர்கிறது. எறும்பு. சின்னச் செவ்வெறும்பு. வானத்தை மேய்ந்துவிட்டு மலையில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊதினேன், தட்டினேன். பாகில் ஒட்டிச் செத்ததே ஒரு கூட்டம். ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் தாள் உரிந்தது. தும்பிக்கை போச்சு. மலையெல்லாம் எறும்புக் கால்கள் மிச்சம்.

வேறு தாள் கிடையாது. நாளைக்கு இதையேதான் வைக்க வேண்டும்.

9, சனி

கடை வாசல். புழுக்கம்.

முதல் ஆள் பால்காரன். "சாக்கு மூட்டையாண்ணே?"

அடுத்து உசிலம்பட்டி மாட்டுத் தரகர். மலை பார்த்து வளர்ந்த ஆள், தெரியும் என்று நம்பினேன். "மாடுதான். ஒடம்பெல்லாம் புண்ணு, ஈ மொய்க்குது. வாங்கிராதீங்க."

ராவுத்தர் சிரித்துச் சிரித்து இருமினார்.

மூன்றாவது, காய்கறிப் பையோடு வீட்டுக்காரி. பந்தயம் அவளுக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். பிழைத்தேன் என்று இருந்தேன். படத்தருகே குனிந்தாள். விரலை எச்சில் பண்ணி, வானத்தின் ஓரத்தில் தேய்த்து, நாக்கில் வைத்தாள்.

"என்னம்மா தெரியுது?" ராவுத்தர்.

"என் கருப்பட்டி தெரியுதுண்ணே. வேற ஒண்ணும் தெரியல."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சவரத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. ராவுத்தர் காலையிலேயே வரச் சொல்லி உள்ளே உட்கார வைத்திருந்தார்.

மேலுதட்டில் காற்றுப் படுகிறது. உரித்த கோழி. வேட்டி நுனியால் மூடிக்கொண்டு வீடு வந்தேன்.

வாசலில் சாய்ந்த வெயில். வீட்டுக்காரி பக்கவாட்டில் நின்று என்னையே பார்த்தாள்.

"இந்தாருங்க, அசையாதீங்க. யானைமலையத் தேடி வண்டியூருக்கு எதுக்குப் போகணும்? நெத்தியிலருந்து மூக்கு எறங்கி மேலுதடு வரைக்கும் அதேதான். இம்புட்டு நாளா மீசை மறைச்சிருச்சு."

சுவரில் என் நிழல். ஓரக்கண்ணால் பார்த்தேன். தலையிலிருந்து தும்பிக்கைக்கு இறங்குகிற வளைவு.

சனியன், அப்படியே இருக்கிறது.